கருங்கல் கோயிலான கதை

அகநானூற்றின் 167ஆம் பாடலில் பாழடைந்த அம்பலம் ஒன்று வருகிறது. பாலை வழியில், ஊரார் விட்டுப்போன ஊர். செங்கல் வைத்து எழுப்பிய நெடிய சுவரிலிருந்து மர விட்டம் சரிந்து விழுந்துவிட்டது. மாடத்தில் தங்கியிருந்த புறாக்கள் போய்விட்டன. சுவரில் வண்ணத்தால் எழுதி வைத்திருந்த கடவுளும் அங்கிருந்து அகன்றுவிட்டார். பலியிடுவார் இல்லை, மெழுகுவார் இல்லை. திண்ணையில் குட்டி ஈன்ற நாய் படுத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் கற்கோயில் பிறப்பதற்கு முன் கோயில் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்தப் பாடலைத்தான் சொல்வேன். மண்ணைச் சுட்டுச் சுவர், மரத்தை வெட்டி விட்டம், சாணத்தால் தரை, நிறத்தால் கடவுள். எல்லாமே ஊரைச் சுற்றிக் கிடைப்பவை, எல்லாமே ஊர்க்காரர்கள் கை வைத்துக்கொண்டே இருந்தால்தான் நிற்பவை. மழைக்குப் பின் சுவரைப் பூச வேண்டும், கரையான் ஏறிய விட்டத்தை மாற்ற வேண்டும், மங்கிய உருவத்தை மறுபடி எழுத வேண்டும். ஊர் நகர்ந்தால் கோயில் விழும், கோயில் விழுந்தால் கடவுள் போய்விடுவார். அன்றைய சமூகம் அதை ஒரு குறையாக நினைத்ததற்கு அடையாளம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில், 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின் நடந்த அகழாய்வில் மணலுக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட பழைய முருகன் கோயிலும் செங்கல்லால் கட்டியதுதான்.

கல் அப்போது இல்லாமலா போனது? விழுப்புரத்திலிருந்து செஞ்சி நோக்கிப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்த வழி நெடுகக் கல்தான். உருண்டைப் பாறைகளை யாரோ கொட்டி வைத்ததுபோல் குன்றுகள். கல் கையருகே இருந்தது. ஆனால் அது வேறொரு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

கல் இறந்தவர்களுடையது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல். அந்தக் கல்லைத் தேர்ந்து பார்ப்பது முதல், நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்களும் கல்தான். குடியிருக்கும் வீட்டுக்கும் கும்பிடும் வீட்டுக்கும் மண்ணும் மரமும், மறைந்தவனுக்குக் கல் என்ற இந்தப் பங்கீடு பல நூற்றாண்டு நீடித்தது. பல்லவர் குடைவரைகளை ஆழமாக ஆராய்ந்த கே.ஆர்.சீனிவாசன், கோயிலுக்குக் கல் வராமல் இருந்ததற்கு இந்த ஈமத் தொடர்பே காரணம் என்று வாதிட்டவர். எனக்கு அது சரியென்றே படுகிறது. வசதியும் உழைப்பும் மட்டும் காரணமாக இருந்தால், பாறைக்கு நடுவே வாழ்ந்த மக்கள் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

கல்லை இன்னொரு கூட்டமும் பயன்படுத்தியது. செஞ்சிக்கு அருகே தொண்டூரில் ஒரு குன்றின் இயற்கைக் குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய மூன்று கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒருவர் ஏவ, மோசி என்பவர் செய்தது என்று தமிழி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் வைக்கிறார்கள். செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடமான நிசீதிகையைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. படுக்கைக்கு வேண்டியது ஓர் ஆள் நீளத்துக்குச் சமமான தரை, தலைப்பக்கம் சற்று மேடு, மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க மேலே ஒரு வெட்டு. அவ்வளவுதான் உளி வேலை. உடைமையைத் துறந்தவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய மனிதர்கள் கீழ்வாலையில் பாறையை வெட்டவே இல்லை. செங்காவி நிறத்தைக் குழைத்துப் பறவை மூக்குள்ள முகங்களோடு மனித உருவங்களை எழுதிவிட்டுப் போனார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு துண்டுக்குள்ளேயே பாறைமேல் எழுதியவர்கள், பாறையில் படுத்தவர்கள், பாறையை நட்டவர்கள் என்று மூன்று வகை மக்கள் இருந்தார்கள். பாறைக்குள் புகுந்தவர்கள் இன்னும் வரவில்லை.

அவர்கள் வந்த இடம் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் உள்ள சிற்றூர். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு தனிப்பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். முகப்பில் நடுவே இரண்டு தூண், ஓரங்களில் இரண்டு அரைத்தூண். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். முகப்பின் இரு கோடியிலும் கதைமேல் கையூன்றி நிற்கும் இரண்டு வாயிற்காவலர்கள். முகப்பிலேயே வடமொழிக் கல்வெட்டு ஒன்று, பல்லவ கிரந்த எழுத்தில். அதன் செய்தி இதுதான்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் லட்சிதாயதனம் என்ற இந்தக் கோயிலை விசித்திரசித்தன் என்னும் அரசன் எடுப்பித்தான்.

தமிழ்நாட்டில் குடைந்தெடுத்த முதல் கோயில் இதுதானா, பாண்டிய நாட்டில் பிள்ளையார்பட்டி போன்றவை முந்தியவையா என்று ஆய்வாளர்களிடையே பேச்சு உண்டு. முந்தியது எதுவாக இருந்தாலும், தான் செய்வது புதிது என்று தெரிந்தே செய்து, அதைப் பாறையில் எழுதியும் வைத்தவன் மகேந்திரன். அவன் கல்வெட்டு கல்லைப் பெயர் சொல்லிப் புகழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எவை இல்லை என்று நான்கை அடுக்குகிறான். அதைப் படிக்கும் 7ஆம் நூற்றாண்டு மனிதனுக்குக் கோயில் என்றாலே அந்த நான்கும்தான். அவை இல்லாமல் ஒரு கோயிலா என்று அவன் வியக்க வேண்டும். அந்த வியப்பை எதிர்பார்த்தே வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. தனக்கு விசித்திரசித்தன் என்றும், ஓவியர்களில் புலி என்ற பொருளில் சித்திரகாரப்புலி என்றும் பட்டம் சூட்டிக்கொண்ட அரசன் அவன். மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகமும் அவன் எழுதியது.

அந்த நான்கு பொருளும் நான்கு தொழிலாளர் கூட்டம். செங்கல் என்றால் ஏரி வண்டலைக் குழைத்துச் சூளை வைப்பவர்கள். மரம் என்றால் காட்டிலிருந்து வெட்டிக் கொண்டு வருபவர்களும் தச்சர்களும். உலோகம் என்றால் கொல்லர்கள். சுதை என்றால் சுண்ணாம்பு சுடுபவர்களும் பூசுபவர்களும். ஊர்க் கோயிலை ஊரே கூடிக் கட்டவும் பழுது பார்க்கவும் முடிந்தது இவர்கள் எல்லா ஊரிலும் இருந்ததால்தான். நான்கையும் நான் விலக்கினேன் என்று அரசன் சொல்லும்போது, இந்தக் கோயிலை உங்களால் கட்ட முடியாது, என்னால்தான் முடியும் என்பதும் அதற்குள் இருக்கிறது.

உண்மையில் விலக்கினானா? இங்கேதான் கதை சுவையாகிறது. கருங்கல்லை வெட்ட இரும்பு உளி வேண்டும். அஜந்தாவை எரிமலைப் பாறையிலும், பாதாமியை மணற்கல்லிலும் குடைந்தார்கள். பாதாமியின் மூன்றாம் குகை கி.பி. 578இல் முடிந்தது, மகேந்திரனுக்குக் கண்ணெதிரே இருந்த முன்மாதிரி அது. பாதாமிக் கல்லோடு ஒப்பிட்டால் தொண்டை நாட்டுப் பாறை உளியை வெறுக்கும் பாறை. கொஞ்ச நேரம் அடித்தாலே முனை மழுங்கிவிடும். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்துத் திரும்பக் கொடுக்கக் கொல்லன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இன்றும் கல்தச்சர் பட்டறைகளில் உலை இல்லாமல் வேலை நடக்காது. ஓர் ஆணிகூட இல்லாத கோயில் ஆயிரக்கணக்கான முறை காய்ச்சி அடித்த இரும்பால்தான் உருவானது. தென்னாட்டில் எஃகு காய்ச்சும் அறிவு ஏற்கெனவே முதிர்ந்திருந்தது. கொடுமணலில் கிடைத்த உலைகளே போதும் சான்றுக்கு. அந்த அறிவு இல்லாத சமூகத்தில் இந்த அரசன் எத்தனை ஆசைப்பட்டிருந்தாலும் பாறை அசைந்திருக்காது.

மண்டகப்பட்டில் வேலை முடிந்துவிட்டதால், வேலை நடந்த விதம் மறைந்துவிட்டது. அதைப் பார்க்க மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளிடம் போக வேண்டும். பாறை முகத்தைச் சமன் செய்து, கட்டம் கட்டமாகக் கோடிழுத்து, கோட்டின் மேல் ஆழமான பள்ளங்களை வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பள்ளங்களுக்கு நடுவே துருத்தி நிற்கும் கட்டிகளைத் தட்டி உடைத்தால் ஓர் அடுக்கு கழிந்துவிடும். பிறகு அடுத்த அடுக்குக்குக் கோடு. முகப்பில் தூணாக நிற்க வேண்டிய கல்லை மட்டும் விட்டுவிட்டு, இடைவெளி வழியே உள்ளே போக வேண்டும். கட்டட வேலையில் தப்பான செங்கல்லைப் பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாம். இங்கே ஒரு தூண் பிளந்தால் கோயிலே போச்சு.

இப்படிப்பட்ட வேலைக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உழவு செய்யாத ஆட்களுக்குச் சோறு போட வேண்டும். சோறு எங்கிருந்து வந்தது என்பது கலை வரலாற்றுப் புத்தகங்கள் வேகமாகத் தாண்டிவிடும் இடம். மகேந்திரவாடியில் மகேந்திரனின் குடைவரைக்குப் பக்கத்தில் அவன் பெயரிலேயே ஏரியும் இருந்ததை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. பனைமலைக் கோயில் குன்றின் அடிவாரத்தில் ஏரி. தொண்டை நாடு பெரிய ஆற்றை நம்பிய நாடல்ல, ஏரியை நம்பிய நாடு. மழைநீரைத் தேக்கி நெல் விளைவித்து அதில் ஒரு பங்கை அரசனுக்கு அளந்த உழவர்கள் இல்லாமல் ஒரு தூணும் நின்றிருக்காது. கல்வெட்டு சொல்லாமல் விட்ட ஐந்தாவது பொருள் நெல்.

இனி அந்தத் தூணைப் பாருங்கள். அடியில் சதுரம், நடுவே எண்பட்டை, மேலே மறுபடி சதுரம். கனத்த மர உத்தரக்காலின் நான்கு மூலைகளையும் நடுப்பகுதியில் சீவிவிட்டால் கிடைக்கும் வடிவம் இது. தச்சன் சீவுவதற்குக் காரணம் இருக்கிறது: கூர்மையான விளிம்பு இடித்துக்கொள்ளாது, கனமும் குறையும், அழகும் கூடும். அடியையும் முடியையும் சதுரமாக விடுவதற்கும் காரணம் உண்டு, அங்கேதான் மற்ற மரங்களோடு பொருத்த வேண்டும். பாறைத் தூணுக்கு இதில் ஒரு காரணமும் பொருந்தாது. அது எதனோடும் பொருத்தப்படவில்லை, தரையும் கூரையும் அதுவும் ஒரே கல். தூணின் மேலே போதிகை உண்டு. மர வீட்டில் விட்டத்தின் பாரத்தைப் பரப்பித் தாங்குவதற்காகத் தூணின் தலையில் வைக்கும் கட்டை அது. இங்கே பரப்ப வேண்டிய பாரமே இல்லை. மரத்தை விலக்கிவிட்டேன் என்று முகப்பில் எழுதிய கோயிலின் ஒவ்வொரு தூணும் மரத்தின் வடிவம்.

ஏனென்றால் வெட்டியவர்கள் தச்சர்கள். ஒரு சமூகத்தில் புதிய பொருள் வந்ததும் கை புதிதாகிவிடுவதில்லை. மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் ஒரு பாறையில், பல்லவர் காலக் கலைஞர்கள் தங்கள் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று போகிறது அந்தப் பட்டியல். தச்சனும் கொல்லனும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில். அரசனின் பட்டங்கள் கோயில் முகப்பில் நிற்க, இவர்கள் பெயர் ஊருக்கு வெளியே ஒரு பாறையில் நிற்கிறது. அதுவாவது கிடைத்ததே என்று நான் மகிழ்கிறேன். மண்டகப்பட்டைக் குடைந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

கருவறைக்குள் போனால் இன்னொரு தயக்கம் தெரிகிறது. மூன்றும் வெறுமையாக இருக்கின்றன. மகேந்திரன் காலத்துக் குடைவரைகளில் மூலவர் கல்லில் இல்லை, பின்சுவரில் வண்ணத்தாலோ சுதையாலோ மரத்தாலோ ஆன உருவமாக இருந்திருக்க வேண்டும் என்பது சீனிவாசனின் முடிவு. அப்படியானால் வீடு கல்லாகிவிட்டது, வீட்டுக்குள் இருந்தவர் இன்னும் அகநானூற்றுக் கடவுளாகவே இருந்தார். அவரைக் கல்லாக்கச் சமூகத்தின் மனம் இன்னும் இடம் கொடுக்கவில்லை. நடுகல்லின் நினைவு அவ்வளவு சீக்கிரம் போகாது. முதலில் கல்லில் முழு உருவம் பெற்றவர்கள் வாசலில் நிற்கும் காவலர்கள். இறந்த வீரனுக்குக் கல் என்று பழகிய கைகள் கோயிலிலும் முதலில் வீரனையே செதுக்கின என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், ஆனால் அந்த இருவரின் தோளையும் நிலையையும் பார்த்தவர்கள் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

மூன்று கருவறை என்பதிலும் அந்தக் காலம் தெரிகிறது. பிரமனுக்கும் சமபங்கு. இன்னும் சில தலைமுறை கடந்து நாயன்மார், ஆழ்வார் பாடல்கள் ஊர் ஊராகப் பரவிய பிறகு இப்படி ஒரு பங்கீடு வழக்கில் இல்லாமல் போனது. மும்மூர்த்திகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவது அரசவையின் கணக்கு. மக்களின் பக்திக்கு ஒருவர் போதும்.

அரசன் ஏன் பாறைக்குப் போனான் என்பதற்குப் பக்கத்து ஊர்க் கதை ஒன்று வெளிச்சம் தருகிறது. சமணனாக இருந்த பல்லவ அரசன், அப்பரால் சைவனான பிறகு, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தப் பொருளைக் கொண்டு வந்து திருவதிகையில் குணபர ஈச்சரம் எடுத்தான் என்று சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்கிறது. பாடலிபுத்திரம் என்பது கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். குணபரன் மகேந்திரனின் பட்டம். நடந்ததை நடந்தபடியே சேக்கிழார் சொல்கிறாரா என்பது தனிக் கேள்வி, அவர் ஐந்நூறு ஆண்டு பிந்தியவர். ஆனால் அந்தக் கதையில் ஒரு கட்டட உண்மை இருக்கிறது. செங்கல் மதம் மாறும். இன்று பள்ளியின் சுவராக இருப்பது நாளை கோயிலின் சுவராகலாம், மறுநாள் வேறொருவன் கையில் அரண்மனையாகலாம். சைவமும் சமணமும் அரசனின் மனத்துக்காக மோதிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், யாராலும் பிடுங்கிக் கொண்டுபோக முடியாத கோயில் வேண்டும் என்று ஓர் அரசன் நினைத்தால், அவனுக்கு இருந்த வழி பாறைதான். துறவிகளுக்காகக் குன்றை வெட்டிய சமண, பௌத்த மரபிலிருந்து அந்த வழியைக் கற்றான் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

மண்டகப்பட்டிலிருந்து வெகுதூரம் போகாமலே தளவானூரில் அடுத்த அடி எடுத்து வைக்கப்படுகிறது. சத்ருமல்லேசுவராலயம். இங்கே முகப்புத் தூண்களுக்கு மேலே மகர தோரணம் வளைகிறது. அதற்கு மேலே கூரையின் விளிம்பில் கூடுகள், கூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் முகங்கள். பூமாலையைக் கட்டித் தொங்கவிடும் பழக்கமும், வளைந்த மரச் சட்டங்கள்மேல் ஓலை வேயும் பழக்கமும் இப்போது பாறையில் உறைந்துவிட்டன. வடமொழிக் கல்வெட்டோடு தமிழ்ப் பாட்டும் ஒன்று இங்கே தூணில் இருக்கிறது. மண்டகப்பட்டில் அரசன் அரசவையோடு பேசினான். தளவானூரில் ஊர்க்காரர்களின் மொழியும் கல்லில் ஏறிவிட்டது.

நூறாண்டு கழித்துப் பனைமலை. பல்லவ அரசன் இராசசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் குடைவரையல்ல, கல்லைத் துண்டு துண்டாக வெட்டி மலைமேல் அடுக்கியது. இப்போது சமூகத்திடம் வேறு திறமைகள் சேர்ந்துவிட்டன: பாறையைக் கோட்டில் பிளப்பது, இழுப்பது, தூக்குவது, ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் பொருத்துவது. பாறை இருக்கும் இடத்துக்குக் கடவுள் போக வேண்டிய காலம் முடிந்து, கடவுள் இருக்கும் இடத்துக்குக் கல் வரும் காலம் தொடங்கியது. மகேந்திரன் பெருமையோடு விலக்கிய சுதையும் திரும்பி வந்துவிட்டது. பனைமலையின் ஒரு சிறு கோட்டத்துச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் பார்வதியை எழுதியிருக்கிறார்கள். முடி தரித்து, ஒரு காலை மடித்துச் சாய்ந்து, குடைக்குக் கீழே நின்று சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள். சிதைந்து மிஞ்சிய ஓவியம்தான், ஆனால் அந்தச் சாய்விலும் கண்ணிலும் உள்ள மென்மையைக் கருங்கல் அன்று தந்திருக்காது. கருங்கல் தராததைச் சுண்ணாம்பிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். எந்தப் பொருளையும் ஒரு சமூகம் ஒரே வீச்சில் கைவிடுவதில்லை.

சோழர் காலத்தில் கல் இன்னொரு வேலையையும் ஏற்றுக்கொண்டது. கோயில் சுவர் ஊரின் கணக்குப் புத்தகமானது. விழுப்புரத்துக்கு அருகே எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியைப் பற்றியது: 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்பது வரை. திருவாமாத்தூர்க் கோயிலில், திருப்பதியம் பாடப் பதினாறு பார்வையற்றவர்களையும் அவர்களுக்குக் கண்ணாக இருவரையும் அமர்த்திய செய்தி கல்லில் இருக்கிறது. மண்டகப்பட்டுக் கல்வெட்டு பேசாத நெல், இங்கே வரிக்கு வரி பேசுகிறது. அரசனின் பெருமை முதல் வரிகளில் நின்றுவிட, அதற்குக் கீழே நிலம், எல்லை, வாய்க்கால், ஆடு, விளக்கு, எண்ணெய் என்று ஊர் முழுக்க இறங்கி வருகிறது.

அதே கருங்கல் இன்று என்னவாக இருக்கிறது என்று பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வானூர், திருவக்கரை பக்கம் போனால் போதும். கல்குவாரி, கிரஷர், சாலையெல்லாம் வெள்ளைத் தூசி, தார்ப்பாய் போர்த்திய டிப்பர் லாரிகள். தச்சன் கட்டம் போட்டு அடுக்கு அடுக்காக எடுத்த பாறையை இப்போது வெடி ஒரே நாளில் பெயர்க்கிறது. ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அது கான்கிரீட்டுக்குள் மறைகிறது. கல்லை ஒரு வடிவமாகப் பார்க்காமல் எடை போட்டு வாங்கும் பொருளாகப் பார்க்கும் சமூகம் நாம். நமக்கும் வீடும் சாலையும் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் தொண்டூர் போன்ற, கீழ்வாலை போன்ற பாறைகள் நிறைந்த மாவட்டம் இது. ஒரு குன்றை ஏலம் விடுவதற்கு முன் அதில் காவி நிறக் கீற்றோ உளித் தடமோ இருக்கிறதா என்று ஒருவர் ஏறிப் பார்த்துவிட்டு வர வேண்டும். மண்டகப்பட்டு மத்தியத் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது. எழுத்தும் தூணும் இல்லாத பாறைகளுக்கு அப்படி ஒரு துணை எளிதில் கிடைப்பதில்லை.

இந்த ஊர்ப்பக்கங்களில் புதிதாக எழும் மாரியம்மன் கோயில்களும் பிள்ளையார் கோயில்களும் பெரும்பாலும் செங்கல், சென்ட்ரிங் பலகை, முறுக்குக் கம்பி, சிமெண்டு கொண்டு கட்டியவை. மகேந்திரன் விலக்கிய நான்கும் பெயர் மாறி வாசலில் குவிந்து கிடக்கின்றன. அதைக் கலையின் வீழ்ச்சி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கருங்கல்லில் எடுக்க அரசனோ பெரும் நிலக்கிழாரோ தேவை. சிமெண்டில் கட்ட ஊர் வசூலும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் போதும். நேற்றுவரை கோயில் வாசலுக்குள் விடப்படாத தெருக்காரர்களும் தங்கள் சாமிக்கு விமானம் எழுப்ப முடிந்தது அந்த மலிவான பொருளால்தான். சுதைச் சிற்பிகள் வந்து தங்கிச் சிங்கமும் பூதமும் அம்மனும் செய்து, எனாமல் பெயிண்டில் பச்சையும் நீலமும் அடித்துவிட்டுப் போகிறார்கள். கருங்கல் அங்கே ஓரிடத்தில்தான் மிஞ்சுகிறது: நுழைவாயில் பக்கச் சுவரில் பதித்த பளபளப்பான கறுப்பு கிரானைட் பலகை. அதில் உபயதாரர் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். டீக்கடைக்காரர், டிராக்டர் வைத்திருப்பவர், மகளிர் குழு, துபாயில் இருக்கும் தம்பி, இறந்துபோன அம்மாவின் நினைவாக ஒரு மகள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொகை. அடியில், ஸ்தபதியின் பெயரும் அவர் ஊரும்.